பதினெட்டாம் வீட்டுக்கு ஒரு முன்னறிவிப்பு

பிப்ரவரி 3

அன்பு மகளுக்கு,

நலம் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். நலமில்லை என்று எழுதினால் நடிக்கிறேன் என்பாய். அதனால் அந்த வரியை விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன் செய்தால் மாப்பிள்ளைதான் எடுத்து, "அவ குளிக்கிறா மாமா" என்கிறார். நாலு மாதமாக எப்போது கூப்பிட்டாலும் குளித்துக்கொண்டே இருக்கிறாய். உங்கள் பக்கம் தண்ணீர்ப் பஞ்சம் இல்லை என்று தெரிந்ததில் சந்தோஷம்.

கடிதம் எழுதிப் பழக்கமில்லை. இந்தக் கட்டடத்துக்கு மேனேஜராக வந்த இருபத்தாறு வருஷத்தில் நான் எழுதியதெல்லாம் நோட்டீஸ்தான். "மாடிப்படியில் சைக்கிள் நிறுத்தக் கூடாது." "வியாழன் அன்று தொட்டி கழுவப்படும்." பத்தாம் வகுப்பை ஆசைப்பட்டு இரண்டு தடவை படித்தவன் எழுத்து இப்படித்தான் இருக்கும். எங்கேயாவது "கூடாது" என்று வந்துவிட்டால் தொழில் கோளாறு, பொறுத்துக்கொள்.

அம்மா இருந்த பதினெட்டாம் வீட்டை நான் இன்னும் காலி செய்யவில்லை. குழாய் வேலை பாக்கி இருக்கிறது என்று ஓனரிடம் சொல்லிச் சொல்லியே நாலு மாதம் ஓட்டிவிட்டேன். நேற்று அவர், "என்னய்யா, குழாய் மாத்துறியா, அணை கட்டுறியா?" என்று கேட்டுவிட்டார். ஏப்ரல் முதல் தேதி புதுக் குடித்தனம் வருகிறது. கைக்குழந்தையோடு ஒரு ஜோடி. அதற்குள் அம்மாவின் சாமான்களை எடுத்தாக வேண்டும்.

ஒரு நாள் வந்து போ. என் அறைப் பக்கமே வர வேண்டாம். நேரே மூன்றாம் மாடிக்கு ஏறிவிடு. சாவியைப் பக்கத்து வீட்டு டீச்சரம்மாவிடம் கொடுத்துவைக்கிறேன். நீ இருக்கும் வரை நான் மீட்டர் அறைக்குள் இருந்துகொள்கிறேன். அங்கே எனக்கு எப்போதும் ஏதாவது வேலை உண்டு.

இன்னொன்று. அம்மா போன அன்றைக்கு அந்த வீட்டைக் கூட்டிப் பெருக்கியது நீதான். என் கையெழுத்தில் ஒரு காகிதம் எங்கேயாவது கிடந்ததா? அதை மட்டுமாவது எழுது.

அப்பா

*

பிப்ரவரி 11

அப்பாவுக்கு,

நான் வரவில்லை. தையல் மெஷினை டீச்சரம்மாவுக்குக் கொடுங்கள். துணிமணிகளை யாருக்குத் தேவையோ அவர்களுக்குக் கொடுங்கள். உங்களுக்குத்தான் வீடு காலி செய்வது கைவந்த கலையாயிற்றே.

"ஒரு காகிதம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு ஒரு பெயர் உண்டு அப்பா, முன்னறிவிப்பு. இருபத்துநாலு மணி நேரம் கழித்து உங்கள் வீட்டைப் பார்க்க வருவோம் என்று குடித்தனக்காரர்களுக்குக் கொடுப்பது. உலகத்தில் எந்தப் புருஷனாவது சொந்தப் பெண்டாட்டிக்கு அதைக் கொடுத்திருப்பானா?

செவ்வாய்க்கிழமை காலையில் கதவுக்கடியில் அதைத் தள்ளினீர்கள். சாயங்காலம் போய்த் தட்டினீர்கள். உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது, அம்மா திறக்கவில்லை. டூப்ளிகேட் சாவி உங்களிடம் இருந்தது. இறங்கிப் போய்விட்டீர்கள். புதன்கிழமை பத்து மணிக்கு, நோட்டீஸில் போட்ட நேரத்துக்கு, ஒரு நிமிஷம் முன்னால்கூட இல்லை, அப்போதுதான் திறந்தீர்கள். அம்மா சமையலறைத் தரையில் கிடந்தாள்.

காரியமெல்லாம் முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது கேட்டில் வைத்துக் கேட்டேன். "சாவி உங்க இடுப்புலதானே இருந்துச்சு?" நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள். இன்றைக்கு வரை பதில் இல்லை.

என் கல்யாண ஆல்பத்தை நேற்று எடுத்துப் பார்த்தேன். அம்மா, சித்தி, மாமா, சமையல்காரர்கூட இருக்கிறார். நீங்கள் இல்லை. மூன்றாம் மாடியில் தொட்டி நிரம்பி வழிகிறது என்று போனவர், எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு ஈரக் காற்சட்டையோடு வந்தீர்கள். அம்மா அன்றைக்கும் சிரித்தாள். ஒரு பெண் எத்தனை வருஷம்தான் சிரிப்பாள்? அதனால்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினாள்.

காகிதம் எதையும் நான் பார்க்கவில்லை.

மகள்

*

பிப்ரவரி 16

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் வந்தது. நாலு தடவை படித்தேன். ஒரு பிழை இல்லை. நம் வீட்டில் எழுத்துக்கூட்டத் தெரிந்தவள் நீ ஒருத்திதான்.

தொட்டி விஷயத்தில் உன் பக்கம்தான் நியாயம். மிதவைக் கட்டை மாட்டிக்கொண்டது. அதை வேறு யாராலும் எடுத்திருக்க முடியும். நான் போனேன். ஏன் போனேன் என்று இன்று வரை எனக்கே விளங்கவில்லை. என்னை யாராவது "சார், கொஞ்சம் வாங்க" என்று கூப்பிட்டால் கால் தானாகப் போய்விடும். வீட்டில் கூப்பிட்டால் மட்டும் காது கேட்காது.

ஆனால் அம்மா மாடி ஏறியது பற்றி உனக்குப் பாதிதான் தெரியும். அவள் சொல்லியிருக்க மாட்டாள். நானும் சொல்லவில்லை. வெட்கம்.

கீழே எங்கள் அறையில் சமையலறைக் குழாய் இரண்டு வருஷம் சொட்டிக்கொண்டே இருந்தது. நாளைக்குப் பார்க்கிறேன், நாளைக்குப் பார்க்கிறேன் என்று நான் சொன்ன நாளைகளை அடுக்கினால் இந்தக் கட்டடத்தைவிட உயரம் வரும். ஒரு நாள் அவள், "இருபத்துநாலு வீட்டுக் குழாயும் ஒழுகாது, மேனேஜர் வீட்டுக் குழாய் மட்டும் ஒழுகும். நானும் குடித்தனக்காரி ஆயிட்டா என்ன?" என்றாள். பேச்சுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அந்த வாரமே ஓனரிடம் பேசி, பதினெட்டாம் வீட்டை எடுத்துக்கொண்டு, தையல் மெஷினோடு ஏறிவிட்டாள். ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியது நான்தான். எனக்கு எதிரில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாகப் படித்து, "இந்த இடத்துல முன்னறிவிப்பு இல்லாம நுழையக் கூடாதுன்னு போட்டிருக்கே, அது உங்களுக்கும்தானே?" என்று கேட்டாள். எல்லாருக்கும்தான் என்றேன். "நல்லது" என்று அடியில் கோடு போட்டாள்.

முதல் மாதம் நிஜக் கோபம். படியில் எதிரே வந்தால் "வணக்கம் சார்" என்பாள். எனக்கு உயிர் போகும்.

அப்புறம் புகார் நோட்டில் அவள் எழுத்து வந்தது. என் மேஜையில் நூல் கட்டித் தொங்குமே, அந்த நோட்டு. அதிலிருந்து அப்படியே எடுத்து எழுதுகிறேன்.

"18ஆம் வீடு. சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. இங்குள்ள மேனேஜர் சொந்த வீட்டுக் குழாயையே பார்க்காதவர் என்று கேள்வி. வேறு ஆள் இருந்தால் அனுப்பவும்."

அதற்குக் கீழே நான் எழுதியது: "வேறு ஆள் இல்லை. இருக்கும் ஆள் வருவார்."

போனேன். வாஷர் மாற்றினேன். டீ கொடுத்தாள். குடித்தனக்காரர் வீட்டில் டீ குடிப்பது எங்கள் தொழிலில் தப்பு. குடித்தேன்.

அடுத்த வாரம் பல்பு எரியவில்லை என்று எழுதினாள். போய்ப் பார்த்தால் பல்பு நன்றாகத்தான் இருக்கிறது, யாரோ அரைச் சுற்று கழற்றி வைத்திருக்கிறார்கள். நான் திருகினேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள், தோள் மட்டும் குலுங்கியது. அப்புறம் ஜன்னல் கொக்கி, கதவுக் கீல், குளியலறை வாளியின் கைப்பிடி. வாளி குடித்தனக்காரர் சொந்தச் சாமான், அதற்கு மேனேஜர் பொறுப்பில்லை என்று எழுதினேன். "அப்படியானால் வாளியை வேடிக்கை பார்க்கவாவது வரவும்" என்று பதில்.

போன ஜூனில் ஒன்று எழுதினாள். "18ஆம் வீட்டில் சத்தமே இல்லை. கவனிக்கவும்." அதற்கு என்ன ஸ்பேனர் எடுத்துப் போவது? சும்மா போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவள் தைத்துக்கொண்டிருந்தாள். "மெஷின் சத்தம் போதுமா?" என்றேன். "போதும்" என்றாள்.

ஒன்றரை வருஷத்தில் பதினெட்டாம் வீட்டிலிருந்து நாற்பத்தோரு புகார். மற்ற வீடெல்லாம் சேர்த்துப் பத்தொன்பது.

கீழே வந்துவிடேன் என்று ஆகஸ்டில் கேட்டேன். "கீழ வந்தா பெண்டாட்டி, மேல இருந்தா குடித்தனக்காரி. இந்தக் கட்டடத்துல குடித்தனக்காரிக்குத்தான் மரியாதை" என்றாள். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

அந்தத் திங்கட்கிழமை எழுதியது இது. "குழாய் மறுபடி ஒழுகுகிறது. சாவகாசமாக வரவும்." எனக்கு ஒரு குறும்பு. இத்தனை நாள் அவளே ஜெயித்துக்கொண்டிருக்கிறாளே, ஒரு தடவையாவது நான் ஜெயிக்க வேண்டாமா? ஓனர் அச்சடித்துக் கொடுத்த முன்னறிவிப்புத் தாளில் முறைப்படி எழுதினேன். "புதன் காலை பத்து மணிக்கு மேனேஜர் குழாயைப் பரிசோதிக்க வருவார்." செவ்வாய் காலை கதவுக்கடியில் தள்ளிவிட்டு, மாடிப்படியில் நானே சிரித்துக்கொண்டு இறங்கினேன். அறுபத்திரண்டு வயசுக் கிழவன்.

சாயங்காலம் ஆசை தாங்காமல் போய்த் தட்டினேன். ரேடியோ பாடியது, திறக்கவில்லை. விளையாடுகிறாள் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

அதனால்தான் அந்தக் காகிதத்தைக் கேட்கிறேன். அவள் அதைப் பார்த்தாளா, சிரித்தாளா? அது தெரிந்தால் போதும்.

அப்பா

*

மார்ச் 1

அப்பாவுக்கு,

நோட்டு விஷயம் நிஜமா? டீச்சரம்மாவுக்குப் போன் செய்து கேட்டேன். "உனக்குத் தெரியாதா? உங்கப்பா வாரா வாரம் சட்டையை இஸ்திரி போட்டுக்கிட்டு ஸ்பேனரோட வருவாரே, நாங்க எல்லாரும் கதவிடுக்குல பார்ப்போமே" என்றார். கட்டடத்துக்கே தெரிந்திருக்கிறது.

நான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அம்மாவிடம் உங்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்வேன், பிறகு உங்களிடம் அம்மாவைப் பற்றி நாலு வார்த்தை. பிரிந்தவர்களைச் சேர்த்து வைக்கிறேனாம். நீங்கள் இரண்டு பேரும் "ம், ம்" என்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள். போனை வைத்துவிட்டு என்னை நினைத்துச் சிரித்தீர்களா?

நான் பத்திரம் டைப் அடிக்கும் ஆபீஸில் வேலை பார்க்கிறவள். ஒப்பந்தம் போடும் முன் அம்மா என்னைத்தான் கேட்டாள். "எந்த வரி முக்கியம்டி?" நான்தான் சொன்னேன், முன்னறிவிப்பு இல்லாமல் நுழையக் கூடாது என்ற வரியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள், அதற்கு அடியில் கோடு போடு, இல்லாவிட்டால் இரண்டாம் நாளே டீ குடிக்க வந்து நிற்பார் என்று.

அந்தக் கோடு என்னுடையது அப்பா.

இதற்கு மேல் இப்போது எழுத முடியவில்லை.

*

மார்ச் 6

அன்பு மகளுக்கு,

கோடு உன்னுடையதும் இல்லை, அம்மாவுடையதும் இல்லை. கோடு போடாவிட்டாலும் அந்த வரி அங்கேதான் இருக்கும். சும்மா எடுத்துத் தலையில் வைத்துக்கொள்ளாதே. உன்னை நினைத்துச் சிரிக்கவும் இல்லை. "புள்ள இவ்வளவு கஷ்டப்பட்டுச் சேர்த்து வைக்குது, சேர்ந்துட்டோம்னு சொன்னா அடுத்த வாரத்திலேருந்து போன் பண்ண மாட்டா" என்றாள் அம்மா. ஞாயிற்றுக்கிழமை போன் அவளுக்கு வேண்டியிருந்தது. எனக்கும்தான்.

குடித்தனம் காலி செய்யும்போது நாங்கள் ஒரு படிவம் நிரப்புவோம். அம்மாவுக்கும் நிரப்பினேன்.

சுவரில் ஆணி: மூன்று. ஒன்றில் உன் பள்ளிக்கூடப் போட்டோ, இரண்டு காலி. ஜன்னல் கண்ணாடி: பழுதில்லை, நம் அறைக் கண்ணாடியைவிடச் சுத்தம். பல்பு: நாலு, எல்லாம் கெட்டியாகத் திருகியிருக்கிறது. தையல் மெஷின்: ஒன்று. அதில் பாதி தைத்த சட்டை, ஆம்பளைச் சட்டை, காலர் இல்லை. அளவு வைத்துப் பார்த்தேன், எனக்குச் சரியாக இருக்கிறது. பாத்திரம் பதினொன்று, மூடி பன்னிரண்டு. ஒரு மூடியின் விளிம்பு நெளிந்திருக்கிறது. அதை நான் வைத்துக்கொள்கிறேன், ஏன் என்று கேட்காதே.

பொதுவான நிலை என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

இத்தனை மாதமாக ஓனரிடம் சொல்லிவந்த பொய்யை மெய்யாக்கலாம் என்று குழாயையும் பார்த்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. வாளி வைத்து அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். வாளி காய்ந்தே கிடந்தது.

வராவிட்டால் பரவாயில்லை. எல்லாவற்றையும் கட்டி லாரியில் அனுப்பிவிடுகிறேன். காகிதம் பற்றி இனிக் கேட்க மாட்டேன்.

அப்பா

*

மார்ச் 15

அப்பா,

நான் பொய் சொன்னேன். காகிதம் என்னிடம்தான் இருக்கிறது. இதற்குள் வைத்திருக்கிறேன், உங்கள் கையெழுத்தின் கீழே "குடித்தனக்காரர் பதில்" என்று அச்சடித்திருக்கும் இடத்தைப் பாருங்கள். உங்கள் கண்ணாடி எப்போதும் காணாமல் போய்விடும் என்பதால் நானும் எழுதுகிறேன்.

"பத்து மணி தோதுதான். சாப்பிட்டுவிட்டு வர வேண்டாம், இரண்டு பேருக்குச் செய்கிறேன். நேற்று கதவைத் திறக்காதது வேண்டுமென்றேதான். நோட்டீஸ் கொடுத்தவர் நோட்டீஸ்படி வரட்டும். 18ஆம் வீடு. புதன், காலை 7.15."

சமையலறை மேடையில் உப்பு ஜாடிக்கு அடியில் இருந்தது, பேனா மேலேயே கிடந்தது. அன்று மாலை நான் வந்து பெருக்கும்போது எடுத்தேன். கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

கேட்டில் உங்களைக் கேட்டபோது அது என் பைக்குள் இருந்தது அப்பா. செவ்வாய்க்கிழமை அம்மா நன்றாக இருந்தாள், உள்ளே உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறாள், எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டேன். யாராவது ஒருத்தர் மேல் போட்டால்தான் அந்த வாசலைத் தாண்டி என்னால் நடக்க முடிந்தது. நீங்கள் பக்கத்தில் நின்றீர்கள்.

செவ்வாய்க்கிழமை உங்கள் மேல் தப்பில்லை. அம்மா படித்தாள். சிரித்தாள். உங்களுக்காகச் சமைத்துக்கொண்டிருந்தாள்.

என்னை மன்னித்துவிடுங்கள்.

உங்கள் மகள்

*

மார்ச் 20

என் கண்ணே,

காகிதம் வந்து சேர்ந்தது. தபால்காரர் எதிரிலேயே பிரித்துவிட்டேன். அவர் பாவம், என் பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார்.

"தோதுதான்" என்று எழுதியிருக்கிறாள் பார். அந்த ஒரு வார்த்தையை எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பாய்.

நீ என்னிடம் மன்னிப்பு கேட்டிருக்கிறாய். இந்த இடத்தில் கடிதத்தை முடித்துவிட்டால் நான் நல்ல அப்பனாகவே இருந்துவிடலாம். இரண்டு நாள் அப்படித்தான் நினைத்தேன். முடியவில்லை.

நீ என்னைத் திட்டியது செவ்வாய்க்கிழமைக்கு. நான் வாயைத் திறக்கவில்லை. நியாயமான திட்டு என்பதால் இல்லை. நீ செவ்வாய்க்கிழமையையே பிடித்துக்கொண்டிருந்தால் புதன்கிழமையைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். அது எனக்கு வசதியாக இருந்தது.

புதன்கிழமை ஒன்பதே முக்காலுக்கே நான் மாடி ஏறிவிட்டேன். இஸ்திரி போட்ட சட்டை. பையில் புது வாஷர். மூன்றாம் மாடிக்குக் கீழே படி திரும்பும் இடத்தில் கடிகாரத்தைப் பார்த்தேன், பத்து நிமிஷம் இருந்தது. பத்து மணி என்று எழுதிவிட்டு முன்னாலேயே போய்த் தட்டினால் தோற்றுவிடுவேன் என்று அங்கேயே நின்றேன். டீச்சரம்மா இறங்கி வந்தார். "என்ன சார், வகுப்புக்கு வெளிய நிக்க வச்ச பையன் மாதிரி நிக்கிறீங்க?" என்றார். "பத்து மணிக்குத்தான் டீச்சர் உள்ள விடுவாங்க" என்றேன். சிரித்துக்கொண்டே போனார்.

அவர் போன பிறகு மேலே ஒரு பாத்திரம் விழுந்தது. மூடி. விழுந்து, உருண்டு, சுற்றிச் சுற்றி அடங்கியது. அந்தச் சத்தத்தை முழுசாகக் கேட்டேன். கோபத்தைப் பாத்திரத்தில் காட்டுகிறாள், நான் நிற்பது தெரிந்துவிட்டது, சீண்டுகிறாள் என்று நினைத்தேன். "காட்டட்டும், காட்டட்டும்" என்று வாய்விட்டே சொன்னேன். அப்புறம் சத்தமே இல்லை.

சத்தமே இல்லை, கவனிக்கவும் என்று அவளே ஒரு முறை எழுதித் தந்திருந்தாள். நான் கடிகாரத்தைக் கவனித்தேன்.

பத்து அடித்ததும் மூன்று முறை தட்டி, "மேனேஜர் வந்திருக்கேன்" என்று குரல் கொடுத்து, முறைப்படி சாவியைப் போட்டேன். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. இரண்டு தட்டு கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். அவள் உடம்பு சூடாக இருந்தது.

சாவி என் இடுப்பில்தான் இருந்தது. நீ கேட்ட கேள்விக்குப் பதில்.

இந்தக் கட்டடத்தில் யார் வீட்டில் பாத்திரம் விழுந்தாலும், "என்னம்மா ஆச்சு?" என்று இரண்டு படி தாவி ஓடியிருப்பேன். என் வீடு என்பதால் நின்றேன்.

இதைப் படித்த பிறகு நீ மறுபடி குளிக்கப் போய்விட்டாலும் எனக்கு வருத்தமில்லை. என் அறைக் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். கீழே குழாயையும் சரி செய்துவிட்டேன். ஐந்து நிமிஷ வேலை.

அப்பா

*

மார்ச் 27

அப்பா,

உங்கள் கடிதம் வந்து நாலு நாள் ஆகிவிட்டது. முதல் நாள் எழுதிய கடிதத்தைக் கிழித்துவிட்டேன். இரண்டாவதையும்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். ஏற்கெனவே உங்களுக்கு ஒரு பொய் எழுதியிருக்கிறேன். அந்த மூடியின் சத்தம் இப்போது எனக்கும் கேட்கிறது. ஆபீஸில் யாராவது டம்ளரைக் கீழே போட்டால் எழுந்து நிற்கிறேன். இனி இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். நீங்கள் தனியாகக் கேட்க வேண்டாம்.

சாமான்களை லாரியில் ஏற்றாதீர்கள். அந்தச் சட்டைக்குக் காலர் வைக்க எனக்குத் தெரியும், அம்மா சொல்லிக் கொடுத்திருக்கிறாள். மெஷினைத் தொடாமல் வைத்திருங்கள்.

சனிக்கிழமை வருகிறேன். பஸ் பத்து மணிக்கு உங்கள் தெருமுனைக்கு வரும் என்கிறார்கள். ஒன்பது ஐம்பதுக்கே வந்துவிட்டால், பத்து ஆகட்டும் என்று வெளியே நிற்க மாட்டேன்.

மகள்